விஷம் எந்த வாசல் வழியாகப் போகிறது? பாக்டீரியாவை பாக்டீரியா கொல்வது பற்றி ஒரு இழை

4 மே 2024, கொருக்குப்பேட்டை வாசகர் கேட்டது

எங்கள் தெரு மாவுக்கடையில் புது இட்லி மாவில் ஒரு கரண்டி பழைய மாவைக் கலக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், பழைய மாவில் இருக்கிற நல்ல கிருமி ஒரு விஷத்தைக் கக்கிக் கெட்ட கிருமியை எல்லாம் கொன்றுவிடும், அந்த விஷம் ஒரு புரதம் என்கிறார் கடைக்காரர். எனக்கு ஒரு சந்தேகம். பாக்டீரியாவைச் சுற்றி சவ்வு, சுவர் எல்லாம் இருக்கிறது. உப்பு, சர்க்கரை உள்ளே போனால் சரி. புரதம் அவ்வளவு பெரிய மூலக்கூறு, அது எந்த வழியாகப் போகும்? கடைக்காரர் கதை விடுகிறாரா?

4 மே, இரவு 10.50

கதை இல்லை. பாக்டீரியா விஷம் கக்கிப் பக்கத்து பாக்டீரியாவைக் கொல்வது 1925-இலேயே தெரிந்த விஷயம். பெல்ஜியத்தில் ஆந்த்ரே கிராசியா என்பவர், குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் ஒன்று இன்னொன்றை வளரவிடாமல் செய்வதைப் பார்த்து எழுதினார். ஆனால் மாவு விஷயத்தில் உங்கள் கடைக்காரர் சொல்வது பாதிகூடத் தேறாது. மாவைக் காப்பது முதலில் புளிப்பு. புளிப்பை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறையப் புளிப்பு ஏறும். அரைத்தபோது ஆறரைப் பக்கம் இருக்கும் பி.எச். புளித்து முடியும்போது நாலரைக்கு இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் முக்கால்வாசிக் கிருமி தலையெடுக்காது. விஷம் இருந்தாலும் அது இரண்டாவது ஆள்தான்.

நானும் மாவுக்கடைக்காரன். புது வண்ணாரப்பேட்டையில் அப்பா போட்ட கிரைண்டரை இப்போது நான் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. முடித்தேன், ப்ராஜெக்டுக்கு ஆறு மாதம் இதே விஷத்தோடு மல்லுக்கட்டினேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியவில்லை. மிச்சம் காலையில். நாலு மணிக்கு எழுந்து ஆட்ட வேண்டும்.

5 மே, காலை 9.15

ஈ.கோலையை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு சவ்வு. எங்கள் பக்கத்து ஹவுசிங் போர்டு வீடு மாதிரி: வெளியே கிரில் கேட், உள்ளே மரக்கதவு, நடுவில் செருப்பு விடும் சந்து. கிரில்லில் துளைகள் உண்டு. சுமார் 600 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடை வரை உள்ள பொருள் அதில் தானாகப் புகுந்து போகும். கொலிசின் என்று பெயர் வைத்த விஷப் புரதங்கள் 60,000 பக்கம். நூறு மடங்கு பெரிசு. கொருக்குப்பேட்டைக்காரர் சந்தேகப்பட்டது நியாயம்தான்.

ஆனால் துளையில் நுழையாத சாப்பாடும் பாக்டீரியாவுக்கு வேண்டியிருக்கிறதே. வைட்டமின் பி12-இன் எடை 1,355. இரும்பைக் கவ்விக்கொண்டு வரும் சிடரோபோர் என்கிற மூலக்கூறும் 600-ஐத் தாண்டும். இவற்றை உள்ளே எடுக்க பாக்டீரியா கேட்டிலேயே தனித்தனி வாசல் வைத்திருக்கிறது. பி12-க்கு பிடியூ-பி என்று ஒன்று. இரும்புக்கு ஃபெப்-ஏ, எஃப்எச்யூ-ஏ, சிர் என்று பல.

மின்ட் தெருப் பக்கம் பழைய மாடி வீடுகளில் கயிற்றில் கூடையைக் கட்டிக் கீழே இறக்குவார்கள். கீரைக்காரம்மா கட்டை அதில் போட்டதும் மேலே இழுத்துக்கொள்வார்கள். யாரும் படி இறங்கி வர வேண்டாம், கதவு திறக்க வேண்டாம். கொலிசின் அந்தக் கூடையில் ஏறி உட்கார்ந்துகொள்கிற ஆள். மேலே இருப்பவர் கீரை என்று நினைத்து இழுக்கிறார்.

5 மே, இரவு 9.30

கூடையை இழுப்பது யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இழுப்பது உள்சவ்வு. வெளிச்சவ்வுக்குக் கரண்ட் கனெக்‌ஷனே கிடையாது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. அங்கே இல்லை, அயனி வித்தியாசத்தால் வரும் மின்னழுத்தமும் இல்லை. அதனால் உள்சவ்விலிருந்து சந்தைத் தாண்டிக் கை நீட்டும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று டான்-பி, இன்னொன்று டோல். கொலிசின்களில் ஒரு கட்சி டான்-பி கயிற்றைப் பிடிக்கும், இன்னொரு கட்சி டோல் கயிற்றைப் பிடிக்கும். கயிற்றில் கை வைக்காத கொலிசின் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

காலையில் சொன்ன கூடை உவமையில் ஒரு ஓட்டை. இரும்பு வாசலில் நுழையும் கொலிசின் பி, டி மாதிரி வகைகளுக்கு அது ஓரளவு பொருந்தும். பி12 வாசலைப் பிடிக்கும் கொலிசின் ஈ வகைகள் அந்த வாசலில் நுழைவதே இல்லை. ஈ2-விலிருந்து ஈ9 வரை உள்ளவை பிடியூ-பியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் ஆம்ப்-எஃப் என்ற சாதாரணத் துளைக்குள் வாலை விடுகின்றன. அந்தத் துளை முழுப் புரதத்துக்குப் பத்தாது. வாலோ மடிப்பில்லாத, தளர்ந்த நூல். பாவாடைக்கு ஊக்கு மாட்டி நாடா கோர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி. நூல் உள்ளே போனதும் அதன் நுனி டோல்-பி என்ற புரதத்தில் மாட்டிக்கொள்கிறது. அப்புறம் உள்ளே இருப்பவர்கள் இழுக்க இழுக்க, மிச்சப் புரதம் மடிப்புக் கலைந்து பின்னாலேயே போகிறது.

7 மே, மதியம் 2.40

கரண்ட் இல்லை, கிரைண்டர் ஓடவில்லை. அந்த நேரத்தில் ப்ராஜெக்ட் கதை.

விஷம் செய்யும் ஈ.கோலையை ஊசியால் அகார் தட்டில், அதாவது கிருமி வளர்க்கும் ஜெல்லித் தட்டில் குத்தி ஒரு ராத்திரி வளர விடுவோம். மறுநாள் குளோரோஃபார்ம் ஆவி காட்டி அதைக் கொல்வோம். விஷம் மட்டும் தட்டில் ஊறி நிற்கும். பிறகு விஷத்துக்கு அடங்கும் இன்னொரு ஈ.கோலையை இளகிய அகாரில் கலந்து அதன் மேல் ஊற்றுவோம். அடுத்த நாள் தட்டு முழுக்கப் பாலாடை விரித்த மாதிரி மங்கலாக இருக்கும். குத்திய இடத்தைச் சுற்றி மட்டும் கண்ணாடி மாதிரி ஒரு வளையம். அந்த வளையத்தில் இருந்தவை செத்துவிட்டன என்று அர்த்தம்.

என் முதல் தட்டு முழுக்கத் தெளிவு. பாலாடையே இல்லை. விஷம் தட்டு முழுவதும் பரவி ஒருத்தரையும் விடவில்லை என்று நினைத்து லேபில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் கைடு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், என்னைப் பார்த்தார், வாட்டர் பாத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். இளகிய அகாரை 45 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் மக்கர் செய்து எழுபதைத் தாண்டியிருந்தது. நான் அவற்றை உயிரோடு அவித்திருக்கிறேன். கொலை செய்தது கொலிசின் இல்லை, நான்.

இட்லி ஊற்றிப் பழகிய குடும்பத்துப் பையன் கிருமியையும் அவித்துவிட்டான் என்று அதற்கப்புறம் ஆறு மாதமும் கிண்டல்.

7 மே, மாலை 6.05

இன்னொரு தட்டும் ஏமாற்றியது. வளையம் அழகாக வந்தது. ஆனால் அதன் ஓரத்தில் பொட்டுப் பொட்டாகச் சின்னச் சின்ன தெளிந்த புள்ளிகள். அது கொலிசின் வேலையா, பாக்டீரியாவைத் தின்னும் வைரஸான ஃபேஜ் வேலையா? இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தெளிந்த இடத்தைச் சுரண்டித் தண்ணீரில் கரைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்து, புதுத் தட்டில் சொட்டு விட வேண்டும். ஃபேஜ் என்றால் நீர்க்க நீர்க்கத் தனித்தனிப் புள்ளியாக எண்ணும்படி நிற்கும், ஏனென்றால் ஒரே ஒன்று போனாலும் அது குட்டி போடும். கொலிசின் குட்டி போடாது. நீர்க்க நீர்க்க சொட்டு முழுவதும் ஒரே சீராக மங்கி மறைந்துவிடும். என் தட்டில் இரண்டும் இருந்தன. பிப்பெட் வழியாக ஃபேஜ் வந்திருக்க வேண்டும்.

கரண்ட் வந்துவிட்டது.

9 மே, இரவு 11.10

உள்ளே போன பிறகு எப்படிக் கொல்லும் என்பதில் ஒரே முறை இல்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் பிடித்த பகுதி. புரதம் மூன்று துண்டாகச் செய்தது: வாசலைப் பிடிக்கும் நடுத் துண்டு, உள்ளே வழி போடும் வால், கொல்லும் தலை. ஈ2-விலிருந்து ஈ9 வரை வாலும் நடுத் துண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க, தலை மட்டும் மாறும்.

ஈ1, ஏ, ஐஏ: தலை உள்சவ்வில் துளை போடும். ஒரு துளை நொடிக்குப் பத்து லட்சக்கணக்கில் அயனிகளை வெளியே விடும். பொட்டாசியம் கொட்டிப் போய், சவ்வின் மின்னழுத்தம் விழுந்து, செல் செத்துவிடும்.

ஈ2, ஈ7, ஈ8, ஈ9: டி.என்.ஏ.வை வெட்டும்.

ஈ3: இது கெட்டிக்காரன். புரதம் செய்யும் ரைபோசோமில் 1,542 எழுத்து நீளமுள்ள 16எஸ் ஆர்.என்.ஏ. இருக்கிறது. அதில் 1493-க்கும் 1494-க்கும் நடுவில் ஒரே ஒரு வெட்டு. அவ்வளவுதான், ஆலை நின்றுவிடும். ஆயிரத்து ஐந்நூறு எழுத்தில் சரியாக மர்மஸ்தானத்தில் தட்டுகிறது.

ஈ5, டி: புரதத்துக்கு அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ.வை வெட்டும். டி-க்கு அர்ஜினைனைச் சுமப்பவைமேல்தான் கண்.

எம்: சுவர் கட்ட வரும் செங்கல்லை வழியிலேயே உடைக்கும். லிபிட் டூ என்று அந்தச் செங்கல்லுக்குப் பெயர். அதை மறந்துவிடாதீர்கள், மாவுக்குத் திரும்பும்போது மறுபடி வரும்.

டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் வெட்டுபவை சந்தோடு நிற்க முடியாது, மரக்கதவையும் தாண்ட வேண்டும். அங்கே எதிரி செல்லின் சொந்தக் கத்தரியையே பயன்படுத்திக்கொள்கின்றன. எஃப்டிஎஸ்-எச் என்பது கெட்டுப்போன புரதத்தை நறுக்க அந்தச் செல் வைத்திருக்கும் நொதி. ஈ வகைகளின் தலை உள்ளே நுழைய அதுதான் உதவுகிறது.

9 மே, இரவு 11.35

விட்டுப்போனது: டி.என்.ஏ.வை வெட்டும் புரதத்தைச் செய்கிற செல்லின் டி.என்.ஏ. ஏன் பிழைக்கிறது? விஷத்தோடு சேர்த்து அதற்கு மூடியும் செய்துகொள்கிறது. ஈ9-க்கு ஐஎம்9 என்ற காப்புப் புரதம். இரண்டும் பிடிக்கிற பிடி உயிர்வேதியியலில் தெரிந்த மிக இறுக்கமான பிடிகளில் ஒன்று. மூடி போட்டபடிதான் விஷம் வெளியே போகிறது. எதிரி வீட்டில் நாடாவை இழுக்கும்போது அந்த இழுப்பின் பலத்தில்தான் மூடி கழல்கிறது.

துளை போடுகிற வகைக்கு மூடி விஷத்தோடு போவதில்லை. அது செய்தவன் வீட்டு உள்சவ்விலேயே காவல் நிற்கும்.

10 மே, காலை 8.00

பெரம்பூர் அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாசலை மூடிவிட்டால் விஷம் வராது. ஆனா சாப்பாடும் வராதே. பாவம் அது பட்டினி கிடந்து சாகணுமா?"

நானும் இப்படித்தான் இரண்டு வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாப்பாட்டு வாசலில் விஷம் வைக்கிறது, மூடினால் பட்டினி, திறந்தால் சாவு என்று. கேட்பவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் பாதி பொய். பி12 இல்லாமலும் ஈ.கோலை பிழைத்துக்கொள்ளும். மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தைச் செய்ய அதனிடம் இரண்டு நொதிகள் உண்டு, ஒன்றுக்கு பி12 வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். அதனால் பி12 வாசலை அடைத்துவிட்ட ஈ.கோலை என் தட்டில் வளையத்துக்குள்ளேயே ஜாலியாக வளர்ந்தது. வளையத்தின் நடுவே தனியாக முளைத்த ஐந்தாறு புள்ளிகளைப் பார்த்து கண்டாமினேஷன் என்று தட்டைக் குப்பையில் போடப் போனேன். அவைதான் தப்பித்தவை.

இரும்புக்கும் பல வாசல், ஒன்றை அடைத்தால் இன்னொன்று. ஆனால் கயிற்றை அறுத்தால் கதை வேறு. டான்-பி போனால் எல்லா இரும்பு வாசலும் சேர்ந்து செத்துப்போகும். டோல் போனால் வெளிச்சவ்வே கசியும், பித்தநீரும் சோப்பும் தாங்காது. குடலில் வாழ வேண்டிய ஜீவன் பித்தநீர் தாங்காமல் என்ன செய்யும்? அதனால் என் பழைய வாக்கியத்தை இப்படித் திருத்துகிறேன்: வாசலை அடைப்பது மலிவு, கயிற்றை அறுப்பதுதான் விலை அதிகம்.

12 மே, இரவு 10.20

அதே அக்கா: "இப்படி விஷம் கக்குறதால அதுக்கு என்ன லாபம்?"

அக்கா, கக்கிய ஆளுக்கு ஒரு லாபமும் இல்லை. செத்துவிடுகிறது. கொலிசின் வெளியே வரத் தனிக் குழாய் கிடையாது. செல்லை உடைக்கும் இன்னொரு புரதத்தையும் கூடவே செய்து, தான் வெடித்துத்தான் அதை வெளியே விடுகிறது. டி.என்.ஏ. அடிபட்டால் எழும் அபாய மணி அடிக்கும்போதுதான் இது நடக்கும், அதுவும் நூற்றில் ஒரு சிலதில். மற்றவை மூடியை மட்டும் செய்துகொண்டு பத்திரமாக இருக்கும். ஆகவே லாபம் கூடப் பிறந்ததுகளுக்கு.

2002-இல் வந்த ஒரு பரிசோதனை இதில் பிரபலம். விஷம் கக்குபவை, விஷத்துக்குச் சாகிறவை, விஷம் பலிக்காதவை என மூன்று ஈ.கோலையை ஒன்றாக விட்டார்கள். கக்குவது சாகிறதைக் கொல்லும். விஷம் பலிக்காதது கக்குவதை முந்தி வளரும், ஏனென்றால் விஷம் செய்யும் செலவு அதற்கு இல்லை. சாகிறது விஷம் பலிக்காததை முந்தும், ஏனென்றால் அதன் வாசல்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. பிள்ளைகள் விளையாடும் கல், காகிதம், கத்தரி மாதிரி. தட்டில் இடம் இடமாகப் பிரித்து விட்டால் மூன்றும் கூடி வாழ்ந்தன. குடுவையில் போட்டுக் கலக்கினால் விஷம் பலிக்காதது மட்டும் மிஞ்சியது. தெருத்தெருவாகக் கட்சி பிரிந்திருக்கும் எங்கள் ஏரியா ஞாபகம் வருகிறது. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், எலெக்‌ஷன் சமயம்.

15 மே, மதியம் 3.00

கத்திரி வெயில். நாலு மணி நேரத்தில் மாவு பொங்கி வழிகிறது. மாவுக்குத் திரும்புவோம்.

மாவில் வேலை செய்யும் லியூகோனாஸ்டாக் கூட்டம் ஈ.கோலை மாதிரி இல்லை. இவற்றுக்கும் இவற்றின் எதிரிகள் பலவற்றுக்கும் ஒரே சவ்வுதான், அதன் மேல் தடித்த சுவர். கிரில் கேட் இல்லாததால் நாடா கோர்க்கிற வேலை வேண்டியதில்லை. விஷமும் சின்னது. லியூகோனாஸ்டாக் செய்யும் மெசென்டரிசின் ஒய்105-க்கு 37 அமினோ அமிலம். பீடியோகாக்கஸ் செய்யும் பீடியோசினுக்கு 44. இந்த வகைக்கும் சாப்பாட்டு வாசல்தான் பிடி: மேனோஸ் சர்க்கரையை உள்ளே எடுக்கும் குழாய்ப் புரதம். அதில் ஒட்டிச் சவ்வில் துளை போட்டுவிடுகிறது. காப்புப் புரதம் செய்கிற வேலை வேடிக்கை. விஷம் ஒட்டிய அந்தக் குழாயை உள்பக்கமிருந்து அது பூட்டிவிடுகிறது.

லிபிட் டூ என்ற செங்கல் இங்கே வருகிறது. பால் பாக்டீரியாவான லாக்டோகாக்கஸ் செய்யும் நைசின், 34 அமினோ அமிலம். அது அந்தச் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு அதையே படியாக்கித் துளை போடும். சுவர் வேலையும் நின்றது, சவ்வும் ஓட்டை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ப்ராசஸ்டு சீஸ் பாக்கெட்டின் பின்னால் 234 என்ற எண் இருந்தால் அது நைசின்தான். ஈ.கோலைமேல் நைசின் தனியாகச் செல்லாது, கிரில் கேட் தடுத்துவிடும். ஆகவே உங்கள் கடைக்காரர் "கெட்ட கிருமியை எல்லாம்" என்றது தப்பு. இந்தச் சின்ன விஷங்கள் உணவில் வரும் நோய்க்கிருமியான லிஸ்டீரியா மாதிரி ஒற்றைச் சவ்வுக்காரர்களைத்தான் பிடிக்கும்.

18 மே, இரவு 11.45

"வாசலே இல்லாமல் கொல்ல முடியாதா?" என்று ஒரு தம்பி. முடியும். சிலது ஈட்டியால் குத்தும்.

இதைச் சொல்லும்போது எங்கள் ஊர் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பதால், சின்ன வயதில் எங்கள் வீட்டில் வாந்தி பேதி என்றாலே அந்தப் பெயரைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். ஐஸ் வாங்கித் தின்னாதே, அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்று. 1992-இல் மெட்ராஸில்தான் ஓ139 என்ற புது வகைக் காலரா முதலில் தலைகாட்டியது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலராவெல்லாம் ஓ1 வகை. ஓ1 வந்து தேறியவர்களின் எதிர்ப்புச் சக்தி ஓ139-இடம் செல்லவில்லை, ஏனென்றால் மேல் போர்வை வேறு. உள்ளே ஓ1-இல் எல் டோர் என்ற பழைய காலராக் கிருமியேதான், போர்வைக்கான மரபணுக் கொத்து மட்டும் மாறியிருந்தது.

மாறியது எப்படி? காலராக் கிருமிக்குச் சொந்த ஊர் கடலோர உப்புநீர். இறால் ஓட்டிலும், கண்ணுக்குத் தெரியாத இறால் ஜாதிப் பூச்சிகளின் ஓட்டிலும் ஒட்டி வாழும். ஓட்டில் இருக்கும் சிட்டின் பட்டதும் அதற்கு இரண்டு புத்தி வரும். ஒன்று, பக்கத்தில் கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுப்பது. இரண்டு, பக்கத்தில் இருப்பவனைக் குத்துவது. குத்தும் கருவிக்கு ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று பெயர், 2006-இல் கண்டுபிடித்தார்கள். ஃபேஜின் வாலைத் திருப்பி வைத்த மாதிரி இருக்கும். உள்ளே குழாய், நுனியில் கூர், சுற்றி ஒரு உறை. உறை சுருங்கி ஈட்டியைத் தள்ள ஐந்து மில்லிநொடிகூட ஆகாது. கூரின் மேல் பூசியிருக்கும் விஷப் புரதம் அடுத்தவன் சவ்வைக் கரைக்கும், சுவரை அறுக்கும். வாசல், கயிறு ஒன்றும் வேண்டாம். ஆனால் தோள் உரச நிற்க வேண்டும், எட்ட இருப்பவனை ஒன்றும் செய்ய முடியாது.

குத்தி உடைத்தவனின் டி.என்.ஏ.வை அது எடுத்துக்கொள்கிறது என்று 2015-இல் காட்டினார்கள். அதற்கு முன்னால் 2007-இல், சிட்டின் மேல் வளர்ந்த ஓ1 கிருமிக்கு ஓ139-இன் டி.என்.ஏ.வைக் கொடுத்து அது ஓ139-ஆக மாறுவதை ஆய்வுக்கூடத்திலேயே பார்த்தார்கள். இதைப் படித்த வாரம் காசிமேட்டில் இறால் உரிக்கும் இடத்தில் குவிந்திருந்த ஓட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வாடை தாங்காமல் வந்துவிட்டேன்.

19 மே, காலை 7.30

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இருவர் கலங்கியிருக்கிறார்கள். காலரா விஷம் வேறு, இந்த ஈட்டி விஷம் வேறு. பேதி உண்டாக்கும் காலரா விஷம் நம் குடல் செல்லுக்கு. 1959-இல் கல்கத்தாவில் எஸ்.என். டே காட்டியது அது. ஈட்டி முனையில் இருப்பதில் பெரும்பகுதி மற்ற பாக்டீரியாவுக்கு.

இறால் சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு: வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

19 மே, காலை 7.50

ஒட்டி வாழ்வது என்றதும் ஞாபகம் வந்தது. வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய பருத்திப் புடவையை நாலு, எட்டு மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003-இல் கட்டுரை வந்தது. கிருமி தனியாக இருந்தால் புடவையில் நிற்காது. பூச்சி ஓட்டில் ஒட்டியிருப்பதால் பூச்சியோடு நின்றுவிடுகிறது. எங்கள் ஆயா லாரித் தண்ணீரைக் குடத்தில் துணி கட்டித்தான் பிடிப்பார். துருவுக்காக என்பார்.

24 மே, இரவு 10.00

துரு என்றதும் இரும்பு. ஒரு காலத்தில் எங்கள் பக்கம் கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் இரும்புத் தாதுத் தூசி படிந்து செம்மண் நிறமாகும். அவ்வளவு இரும்பைச் சுவாசித்த ஏரியாவில் உட்கார்ந்து, நம் உடம்புக்குள் கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் திண்டாடுகிறது என்று படிக்க வேடிக்கையாக இருந்தது. ஆனால் உண்மை. உடம்பு இரும்பைப் பூட்டி வைக்கிறது, அதனால்தான் கிருமி சிடரோபோரை அனுப்பித் தேடுகிறது.

சில மைக்ரோசின்கள், அதாவது கொலிசினுக்குத் தம்பி முறையான சின்ன விஷங்கள், தங்கள் வாலிலேயே ஒரு சிடரோபோரைத் தைத்துக்கொண்டு போகும். வாசலில் இருப்பவர் இரும்பு வந்துவிட்டது என்று திறப்பார். முதல் உலகப்போரில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுக்கடுப்பு வந்தும் தனக்கு வராத ஒரு சிப்பாயிடமிருந்து 1917-இல் ஆல்ஃபிரட் நிஸ்லே பிரித்தெடுத்த ஈ.கோலை இந்த வகை மைக்ரோசின் இரண்டைச் செய்கிறது. இன்றும் அது மருந்தாக விற்கிறது. மனிதர்களும் இதே வேஷத்தைக் கற்றுக்கொண்டு செஃபிடெரோகால் என்ற ஆன்டிபயாடிக்கைச் செய்தார்கள். 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இன்னொரு திருத்தம். முதல் குறிப்பில் கிராசியாவைப் பற்றி எழுதினேன். அவர் 1925-இல் கண்ட விஷத்தைக் கொலிசின் வி என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். இப்போது அதை மைக்ரோசின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கொலிசின் என்ற பெயருக்கே காரணமான ஆள் கொலிசின் இல்லை.

2 ஜூன், இரவு 9.40

கொருக்குப்பேட்டைக்காரர் விடவில்லை. "எல்லாம் சரி அண்ணே, அந்த ஒரு கரண்டி பழைய மாவு வேலை செய்கிறதா இல்லையா?"

ஒரே ஈட்டு மாவை இரண்டு டப்பாவில் எடுத்தேன். ஒன்றில் ஒரு கரண்டி நேற்றைய மாவு, இன்னொன்றில் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பையன் டப்பாவின் வெளியே ரப்பர் பேண்டு மாட்டி மட்டம் பார்த்தான். பழைய மாவு போட்டது மூன்றரை மணி நேரத்தில் இரண்டு மடங்கு ஏறியது. போடாதது ஐந்தரை ஆக்கியது. லிட்மஸ் இல்லாததால் நாக்கில் வைத்துப் பார்த்தோம், முன்னதில் புளிப்பு சீக்கிரம் தட்டியது. ஆக அந்தக் கரண்டி வேலை செய்கிறது: புளிப்பை இரண்டு மணி நேரம் முந்திக் கொண்டுவருகிறது. விஷத்தை இதில் நான் பார்க்கவில்லை, ரப்பர் பேண்டை வைத்துப் பார்க்கவும் முடியாது. அதற்குத் தட்டு வேண்டும், வளையம் வேண்டும், 45 டிகிரியில் நிற்கும் வாட்டர் பாத் வேண்டும்.

இரண்டாவது டப்பாவை மறந்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மூடியைத் தள்ளிக்கொண்டு அலமாரி முழுக்க வழிந்திருக்கிறது. அம்மா திட்டிக்கொண்டிருக்கிறார், கழுவப் போகிறேன்.